காணாதது இல்லாததல்ல: காட்டில் கண்விழித்திருக்கும் கமெராக்களின் கதை

2000 களின் முற்பகுதியில் ஒருநாள், பத்திரிகையின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் இரவுக் கடமையில் இருந்தேன். இந்தியக் காடுகளில் 3,642 புலிகள் வாழ்கின்றன என்று வந்திருந்த ஒரு குறிப்பைத் தமிழாக்கம் செய்து பெட்டிச் செய்தியாகப் பிரசுரத்துக்கு அனுப்பினேன். கடைசி இலக்கம் வரை திட்டவட்டமாகச் சொல்லப்பட்ட அந்த எண்ணிக்கையே செய்தியின் நம்பகத்தன்மைக்கு அத்தாட்சியாக எனக்குத் தோன்றியது. இரவில் தனியே திரியும், மனிதனைக் கண்டால் புதருக்குள் மறையும் ஒரு விலங்கை இவ்வளவு துல்லியமாக எண்ணியது எவ்வாறு என்ற கேள்வி அன்று என் மனதில் எழவேயில்லை. பத்திரிகையாளன் ஒருவனிடம் எழுந்திருக்க வேண்டிய முதல் கேள்வி அது.

2008 இல் இன்னோர் எண்ணிக்கை வந்தது. இந்தியாவில் இருப்பவை சுமார் 1,411 புலிகள் மாத்திரமே என்று அந்நாட்டு அரசாங்கம் அறிவித்தது. ஆறு வருடங்களில் இரண்டாயிரத்துக்கும் அதிகமான புலிகள் மாண்டுவிட்டன என்று பலரும் எழுதினார்கள். உண்மை அதுவல்ல. வேட்டைக்குப் பலியான புலிகள் உண்டு. ஆனால், பழைய எண்ணிக்கையை நம்புவதற்கே அடிப்படை இருக்கவில்லை என்பதுதான் பெரிய செய்தி. எண்ணும் முறை மாறியிருந்தது. அந்த மாற்றத்தின் பின்னாலுள்ள வரலாறு புலிகளுக்கு மாத்திரம் உரியதல்ல. தெரிந்ததையும் தெரியாததையும் மனிதன் பிரித்தறியக் கற்றுக்கொண்ட கதை அது.

கண்ணாடித் தகடும் காற்தடமும்

பழைய முறை ஒடிசாவின் வன அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி 1966 இல் வகுத்தது. புலியின் பின் இடது காலின் தடத்தின் மீது கண்ணாடித் தகட்டை வைத்து, அதன் விளிம்பை வரைந்து, தாளில் பிரதி செய்துகொள்வார்கள். ஒவ்வொரு புலியின் தடமும் தனித்துவமானது, அனுபவமுள்ள கண்ணுக்கு அது புலப்படும் என்பது நம்பிக்கை. 1972 இல் இந்தியா முழுவதும் இம்முறையில் கணக்கெடுத்தபோது கிடைத்த தொகை 1,827. அந்த அதிர்ச்சியின் பின்னர்தான் 1973 ஏப்ரல் முதலாம் திகதி, ஒன்பது காப்பகங்களுடன் 'புலிகள் பாதுகாப்புத் திட்டம்' ஆரம்பமானது. ஆகவே இம்முறையைக் கேலி செய்துவிட்டுக் கடந்து செல்ல முடியாது. ஒரு தேசத்தை விழித்தெழச் செய்ததில் அதற்குப் பங்குண்டு.

ஆனால், அதே புலியின் அதே கால் ஈர மணலில் ஒரு வடிவத்தையும் புழுதியில் இன்னொரு வடிவத்தையும் பதிக்கும். கர்நாடகத்தைச் சேர்ந்த உல்லாஸ் காரந்த் 1980 களில் இதைப் பரிசோதித்துப் பார்த்தார். கூண்டில் வளர்ந்த நான்கு புலிகளின் தடங்களைப் பிரதிசெய்து நிபுணர்களிடம் கொடுத்து, இவை எத்தனை புலிகள் என்று கேட்டார். எவராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை.

அதைவிடப் பெரிய குறைபாடு வேறிடத்தில் இருந்தது. எல்லாத் தடங்களையும் நாம் கண்டுவிட்டோம் என்று அம்முறை மௌனமாக எடுத்துக்கொண்டது. காணாமல் விட்டவை எத்தனை என்று கேட்பதற்கு அதில் இடமே இருக்கவில்லை. கணக்கெடுப்பவர்கள் அந்தந்தக் காப்பகத்தின் ஊழியர்களே. எண்ணிக்கை குறைந்தால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், கூடினால் பாராட்டு. எண்ணிக்கைகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் இந்த முறை அம்பலமானது. அங்கு புலிகள் இருப்பதாக 2004 வரையிலும் ஏடுகள் கூறிக்கொண்டிருந்தன. 2005 ஜனவரியில் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' பத்திரிகையின் ஜய் மஜும்தார், சரிஸ்காவில் புலிகளைக் காணவில்லை என்று எழுதினார். அதிகாரிகள் முதலில் மறுத்தார்கள். சில வாரங்களில் இந்திய வனவுயிர் நிறுவனத்தின் தேடுதல் அதனை உறுதிசெய்தது. ஒரு புலிகூட எஞ்சியிருக்கவில்லை. வேட்டைக்காரர்கள் ஒவ்வொன்றாகக் கொன்று முடித்திருந்தார்கள். காட்டில் அழிந்த புலிகள் காகிதத்தில் வாழ்ந்துகொண்டிருந்தன. சுனிதா நாராயண் தலைமையில் அமைக்கப்பட்ட பணிக்குழு, காற்தட முறையைக் கைவிட்டு விஞ்ஞானபூர்வமான மதிப்பீட்டுக்கு மாறுமாறு அவ்வருடமே பரிந்துரைத்தது.

அந்த மாற்று முறைக்கான கருவி நூற்றாண்டுக்கும் மேலான வரலாறு கொண்டது.

துப்பாக்கியின் இடத்தில் கமெரா

ஜோர்ஜ் ஷிராஸ் என்ற அமெரிக்கர் சட்டத்தரணி. ஒரு தவணை காங்கிரஸ் உறுப்பினராகவும் இருந்தவர். இளமையில் வேட்டைக்காரர். மிச்சிகன் ஏரிக்கரைகளில் ஒஜிப்வே ஆதிக்குடிகள், தோணியின் முன்பக்கத்தில் தீச்சட்டியை ஏற்றிவைத்து ஓசையின்றி நகர்வார்கள். வெளிச்சத்தில் மயங்கி நிற்கும் மானின் கண்கள் இருளில் ஒளிரும், அக்கணத்தில் சுடுவார்கள். ஷிராஸ் தோணியையும் விளக்கையும் அப்படியே எடுத்துக்கொண்டு, துப்பாக்கியின் இடத்தில் கமெராவை வைத்தார். பின்னர் விலங்கு நடக்கும் வழியில் நூலொன்றைக் கட்டி, அது இழுபடும்போது மின்னல் வெளிச்சத்துடன் படம் பதியும் ஏற்பாட்டையும் செய்தார். மனிதன் இல்லாத இடத்தில் விலங்கு தன்னைத் தானே படம்பிடித்துக்கொண்டது. 1906 ஜூலையில் 'நஷனல் ஜியோகிரபிக்' சஞ்சிகை அவரது 74 படங்களை ஒரே இதழில் வெளியிட்டது. சஞ்சிகை படப்புத்தகமாகிவிட்டது என்று மனம் கசந்து நிர்வாக சபையினர் இருவர் விலகிக்கொண்டதாகக் கூறுவார்கள்.

இந்தியாவில் அதே வேலையைச் செய்தவர் பிரடெரிக் வோல்டர் சாம்பியன் என்ற பிரிட்டிஷ் வன அதிகாரி. புலியைச் சுட்டு, அதன் மீது காலை வைத்து நின்று படமெடுத்துக்கொள்வது பெருமையாகக் கருதப்பட்ட காலத்தில், அவர் சிவாலிக் மலையடிவாரக் காடுகளில் நூற்பொறியுடன் கமெராவை வைத்துக் காத்திருந்தார். அப்படங்கள் 1927 இல் நூலாக வந்தன. ஜிம் கோர்பெட் துப்பாக்கியை விட்டுக் கமெராவைக் கையிலெடுப்பதற்கு சாம்பியனின் உதாரணமே தூண்டுகோலாக அமைந்தது. ஒரு புலியின் கோடுகள் இன்னொரு புலியின் கோடுகளைப் போன்றவை அல்ல என்பதையும் அப்படங்கள் காட்டின. அதே 1927 இல், பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் பிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர் காட்டுப்பாதைகளில் கமெராக்களை வைத்து, எந்தெந்த விலங்குகள் அவ்வழியே நடமாடுகின்றன என்று பதிவுசெய்து வெளியிட்டார்.

இருந்தும், படங்களைக் கொண்டு கணக்கெடுக்கும் யோசனை முழுமைபெறச் சுமார் எழுபது வருடங்கள் சென்றன. உபகரணம் போதாமை மாத்திரம் இதற்குக் காரணமல்ல. கணிதமும் வந்து சேரவேண்டியிருந்தது.

காரந்தின் கணக்கு

உல்லாஸ் காரந்த், கன்னட இலக்கிய மேதை சிவராம காரந்தின் புதல்வர். பொறியியல் கற்று, விவசாயம் செய்து, பின்னரே வனவுயிர் ஆய்வுக்கு வந்தவர். 1990 களின் தொடக்கத்தில் நாகரஹொளே காட்டின் பாதைகளில் அகச்சிவப்புக் கதிரால் இயங்கும் தானியங்கிக் கமெராக்களைப் பொருத்தினார். புலியின் இரு விலாக்களிலும் கோடுகள் வேறுபடுவதால் இரண்டு பக்கங்களையும் பதிவுசெய்ய எதிரெதிராக இரு கமெராக்கள் வேண்டும்.

அவர் பயன்படுத்திய கணக்கு மீன்பிடியியலில் நெடுங்காலமாக வழங்கிவந்தது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் டென்மார்க்கின் பீற்றர்சன், மீன்களுக்கு அடையாளமிட்டுத் திரும்பவும் கடலில் விட்ட முறையுடன் தொடர்புடையது. முதல் தடவை 20 புலிகள் படத்தில் அகப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் தடவை 15 அகப்படுகின்றன. அவற்றில் 10 ஏற்கெனவே அறிமுகமானவை. அப்படியானால், நாம் முதலில் கண்ட 20 என்பது மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. மொத்தம் சுமார் 30. படத்தில் ஒருபோதும் அகப்படாத புலிகளையும் கணக்கில் கொண்டுவருவதே இந்த எளிய வகுத்தலின் பெருமை.

காரந்தின் முதல் ஆய்வுக் கட்டுரை 1995 இல் வெளியானது. அமெரிக்கப் புள்ளிவிபர உயிரியலாளர் ஜேம்ஸ் நிக்கல்ஸுடன் இணைந்து 1998 இல் அதை விரிவாக்கினார். இந்தியா முழுவதற்குமான 2006 மதிப்பீட்டில் இம்முறையும் சேர்க்கப்பட்டது. அதன் விளைவே நான் மேலே குறிப்பிட்ட 1,411. 2018 மதிப்பீட்டில் 26,838 இடங்களில் கமெராக்கள் வைக்கப்பட்டு, மூன்று கோடியே நாற்பத்தெட்டு இலட்சத்துக்கும் அதிகமான படங்கள் சேர்ந்தன. உலகின் மிகப்பெரிய கமெராக் கணக்கெடுப்பு என்று கின்னஸ் ஏட்டில் அது பதிவானது. அத்தனை படங்களிலும் புலி இருந்தவை 76,651 மாத்திரமே. 2022 மதிப்பீட்டின் சராசரி 3,682.

இத்துடன் சர்ச்சைகள் ஓய்ந்துவிடவில்லை. கமெரா வைத்த இடங்களில் கிடைத்த எண்ணிக்கையைக் கொண்டு கமெரா வைக்காத பரந்த நிலப்பரப்புக்கான எண்ணிக்கையை ஊகிக்கும் முறையை, அர்ஜுன் கோபாலசுவாமி, காரந்த் உள்ளிட்டோர் 2015 இல் கடுமையாக விமர்சித்தனர். அரச தரப்பு விஞ்ஞானிகள் மறுத்தனர். ஆனால், விவாதம் இப்போது எது பிழை, எவ்வளவு பிழை என்பதைப் பற்றியது. காற்தடக் காலத்தில் அப்படியொரு விவாதத்துக்கு ஆதாரங்களே இருக்கவில்லை.

அடையாளமில்லாதவற்றை என்ன செய்வது?

புலிக்கும் சிறுத்தைக்கும் உடலில் அடையாளம் உண்டு. மரைக்கும் முள்ளம்பன்றிக்கும் கீரிக்கும் என்ன செய்வது? ஒரு மரையை இன்னொன்றில் இருந்து படத்தில் பிரித்தறிவது கடினம். ஆகவே ஆய்வாளர்கள் கேள்வியை மாற்றினார்கள். 'எத்தனை?' என்பதற்குப் பதிலாக, 'நிலப்பரப்பின் எவ்வளவு பங்கில் இந்த விலங்கு இருக்கிறது?' என்று கேட்டார்கள்.

இந்தக் கேள்வியிலும் பழைய பொறி ஒளிந்திருக்கிறது. ஒரு நூறு இடங்களில் கமெரா வைத்து, நாற்பதில் மரை அகப்பட்டால், நாற்பது சதவீத நிலத்தில் மரை உண்டு என்று எழுதிவிடலாமா? எஞ்சிய அறுபதில் மரை இல்லையா, அல்லது இருந்தும் அகப்படவில்லையா?

நியூசிலாந்தின் டரில் மக்கென்சி, நிக்கல்ஸ் உள்ளிட்ட ஐவருடன் சேர்ந்து 2002 இல் இதற்கொரு வழிகாட்டினார். முதலில் அவர்கள் கையாண்ட உதாரணம் அமெரிக்காவின் மேரிலாந்துச் சதுப்பு நிலங்களின் தேரைகளும் தவளைகளும்தான். ஒரே இடத்தைப் பல தடவைகள் பார்க்கவேண்டும் என்பதே வழி. ஓரிடத்தில் முதல் வாரம் மரை அகப்படுகிறது, இரண்டாம் வாரம் இல்லை, மூன்றாம் வாரம் மீண்டும் அகப்படுகிறது என்றால், அந்த இரண்டாம் வாரம் 'இருந்தும் அகப்படாத' வாரம் என்று உறுதியாகச் சொல்லலாம். அப்படியான வாரங்களைச் சேர்த்துப் பார்த்தால், எமது கமெராக்கள் எவ்வளவு தவறவிடுகின்றன என்பதை அளக்கலாம். அதைக்கொண்டு, ஒருபோதும் அகப்படாத இடங்களில் எத்தனையில் விலங்கு உண்மையில் இருந்திருக்கும் என்று மதிப்பிடலாம்.

வெவ்வேறு வாழிடங்களை ஒப்பிடும்போது இது எவ்வளவு முக்கியம் என்பதைக் கற்பனைக் கணக்கொன்று காட்டும். புல்வெளியில் நூறு இடங்கள், அடர்காட்டில் நூறு இடங்கள். இரண்டிலும் உண்மையில் அறுபது இடங்களில் மரை உண்டு. திறந்த புல்வெளியில் ஒரு வாரத்தில் அது அகப்படும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. அடர்காட்டில் ஐந்தில் ஒன்று. நான்கு வாரங்களின் முடிவில் புல்வெளியில் ஏறத்தாழ 56 இடங்களிலும் அடர்காட்டில் 35 இடங்களிலும் மாத்திரமே மரை படத்தில் இருக்கும். இதை அப்படியே எடுத்துக்கொள்ளும் அதிகாரி, மரைக்கு அடர்காடு அவ்வளவு தேவையில்லை என்று முடிவுசெய்வார். அந்த முடிவின் பேரில் காடு வெட்டப்படவும் கூடும். பிழை மரையினுடையதல்ல, பார்த்தவருடையது.

எங்கே வைப்பது, எத்தனை நாள் வைப்பது?

ஆகவே கமெராவைப் பொருத்துவதற்கு முன்னர் செய்யப்படும் திட்டமிடலே ஆய்வின் உயிர்நாடி. நிலப்பரப்பைச் சம கட்டங்களாகப் பிரிப்பார்கள். கட்டத்தின் அளவு, ஆராயப்படும் விலங்கு நடமாடும் எல்லையைப் பொறுத்தது. கட்டம் மிகச் சிறிதாயின் ஒரே புலி பல கட்டங்களை 'நிரப்பி'விடும். புலியை மாத்திரம் தேடுவோர் பாதையோரமாகக் கமெராவை வைப்பார்கள். புலி பாதையில் நடக்க விரும்பும். எல்லா விலங்குகளையும் தேடுவோர் அப்படிச் செய்தால், பாதையைத் தவிர்க்கும் விலங்குகள் கணக்கில் இருந்து விடுபட்டுவிடும். ஒவ்வொரு வகை வாழிடத்துக்கும் உரிய பங்கு கிடைக்கவேண்டும். எளிதில் சென்றுவரக்கூடிய இடங்களில் மாத்திரம் கமெராவைக் கட்டுவது வீதியோரத்தில் நின்றுகொண்டு ஊரைப் பற்றி எழுதுவதற்குச் சமம். விலங்குகள் பருவத்துக்கேற்ப இடம்பெயர்வதால் ஆய்வுக்காலமும் நீண்டுவிடக்கூடாது. அரிதான விலங்குக்கு அதிக இடங்கள் வேண்டும். ஒளிந்து திரியும் விலங்குக்கு அதிக நாட்கள் வேண்டும். யானை பிடுங்கி எறிவதற்கும் கள்வர் கழற்றிச் செல்வதற்கும் எனக் கையிருப்பில் சில கமெராக்களும் வேண்டும்.

தன்சானியாவின் செரெங்கெட்டியில் 2010 இல் அலெக்சாண்ட்ரா சுவான்சன் 225 கமெராக்களை 1,125 சதுர கிலோமீற்றர் பரப்பில், ஐந்து சதுர கிலோமீற்றருக்கு ஒன்றாக வைத்தார். குவிந்த படங்களை இனங்காண உலகெங்கிலும் இருந்து ஆயிரக்கணக்கான தொண்டர்கள் இணையம் வழியாக உதவினார்கள். இன்று அந்த வேலையில் பெரும்பகுதியைக் கணினியே செய்கிறது.

வெப்பவலயக் காடுகளில் 15 பாதுகாக்கப்பட்ட பிரதேசங்களில் ஒரே விதிமுறையின்படி வருடந்தோறும் கமெரா வைத்த ஆய்வின் பெறுபேறுகள் 2016 இல் வெளியாகின. தரைவாழ் பாலூட்டிகளும் பறவைகளுமாக 244 இனங்களைச் சேர்ந்த 511 விலங்குத் தொகுதிகளில், 22 சதவீதம் வாழும் பரப்பை இழந்துகொண்டிருந்தன. 17 சதவீதம் கூடியிருந்தன. 22 சதவீதத்தில் மாற்றமில்லை. எஞ்சிய 39 சதவீதம்? முடிவு கூறமுடியாத அளவுக்கு அரிதாகவே படத்தில் அகப்பட்டன. என்னைப் பொறுத்தவரை இந்த 39 என்ற எண்ணே அறிக்கையின் மிக நேர்மையான எண். காற்தடக் காலத்தில் அந்த வரிசையே இருந்திருக்காது. ஏதாவதொரு தொகையால் அது நிரப்பப்பட்டிருக்கும்.

நல்லதண்ணியின் கருஞ்சிறுத்தை

இலங்கையில் புலி இல்லை. சிறுத்தையே எமது காடுகளின் தலைமை வேட்டை விலங்கு. யுத்தத்தினால் நீண்டகாலம் மூடிக்கிடந்த வில்பத்து சரணாலயம் 2010 இல் மீண்டும் திறக்கப்பட்ட பின்னர் ஆய்வாளர்கள் அங்கு கமெராக்களைப் பொருத்தினார்கள். மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களை அண்டிய சிறு காடுகளிலும் பொருத்தினார்கள். தோட்டத் தொழிலாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்ததைக் கமெராக்களும் சொல்லின. லயன் வீடுகளில் இருந்து கூப்பிடு தூரத்தில் சிறுத்தைகள் நடமாடுகின்றன.

2019 இல் மலையகத்தில் வனஜீவராசிகள் திணைக்களத்தின் கமெராவில் ஒரு கருஞ்சிறுத்தை பதிவானது. இலங்கையில் கருஞ்சிறுத்தை அருகிவிட்டது என்று கருதப்பட்டுவந்த நிலையில் அது பெரும் செய்தியானது. 2020 மே மாத இறுதியில் நல்லதண்ணியில், தோட்டமொன்றின் மரக்கறிப் பாத்திக்கு அருகே கட்டப்பட்டிருந்த கம்பிச் சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை சிக்கியது. மீட்டுச் சிகிச்சையளித்தும் சில நாட்களில் அது இறந்துபோனது. இத்தகைய சுருக்குகள் பெரும்பாலும் சிறுத்தைக்காகக் கட்டப்படுபவை அல்ல. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிக்காகக் கட்டப்படுபவை.

சிறுத்தை வாழும் இடம் என்று வரைபடத்தில் குறிக்கப்படாத நிலத்துக்குச் சுருக்குகளை அகற்றும் குழு போவதில்லை. அங்கு வாழும் மக்களுக்கு எச்சரிக்கையும் கிடைப்பதில்லை. பயிரைக் காப்பதற்கு மாற்றுவழியும் கிடைப்பதில்லை. கமெராவை எங்கே வைப்பது என்ற தொழில்நுட்பக் கேள்வி, இறுதியில் விலங்கின் உயிரையும் தொழிலாளியின் பாதுகாப்பையும் தீர்மானிக்கும் கேள்வியாகிவிடுகிறது.

வன்னியுடனான தொலைபேசித் தொடர்புகள் அறுந்துகிடந்த நாட்களில் செய்தி மேசையில் இருந்த எமக்கு ஒன்று நன்றாகத் தெரிந்திருந்தது. செய்தி வரவில்லை என்பதற்கு ஒன்றும் நடக்கவில்லை என்பது அர்த்தமல்ல. அதே பாடத்தைக் காட்டு விலங்குகள் விடயத்தில் பொருத்திப் பார்க்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இப்போது ஏதேனும் விலங்குக் கணக்கெடுப்பு பற்றிய செய்தி கண்ணில் பட்டால் எண்ணிக்கையை உடனே நம்பிவிடுவதில்லை. எத்தனை இடங்களில் பார்த்தார்கள், எத்தனை நாட்கள் பார்த்தார்கள், எவ்வளவு தவறவிட்டிருப்போம் என்று சொல்லியிருக்கிறார்களா என்று தேடுகிறேன். அந்தக் கடைசி வரி இல்லாத செய்தியை இன்று யாரேனும் என்னிடம் தந்தால், பெட்டிச் செய்தியாகப் போடமாட்டேன்.